துண்டை விலக்கிக் கேட்டவர்



மாட்டுத்தாவணி என்றால் இன்று பஸ் ஸ்டாண்டுதான் நினைவுக்கு வரும். அது வந்தது 1999-இல். அதற்கு முன், பெயருக்கேற்ற மாட்டுச் சந்தை. சந்தையில் தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது! அரசியலும் பெரும்பாலும் அப்படித்தான். அந்தத் துண்டை விலக்கிப் பார்ப்பதே தொலைக்காட்சிப் பேட்டியாளரின் வேலை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. அரசு நிலையம், அமைச்சரை மடக்கிக் கேட்கும் வழக்கம் அங்கே வளரவில்லை. 1993-இல் சன் டி.வி. வந்தபின், ரபி பெர்னார்டின் ‘நேருக்கு நேர்’ தமிழில் அதற்கு வழி திறந்தது. இந்திய ஆங்கிலத் தொலைக்காட்சியில் அதையே வாழ்நாள் தொழிலாக்கிக் கொண்டவர் கரண் தாப்பர்.

1955-இல் பிறந்தவர். தந்தை ஜெனரல் பி.என். தாப்பர், 1962 சீனப் போரின்போது தரைப்படைத் தளபதி. தோல்விக்குப் பின் பதவி விலகியவர். மகன் 1977-இல் கேம்பிரிட்ஜ் மாணவர் விவாத மன்றத்தின் தலைவரானார். லண்டன் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் தொழில் பழகி, பின்னர் டில்லி திரும்பினார்.

2000-இல் கிரிக்கெட் சூதாட்டப் புகார் பற்றிக் கேட்டபோது கபில்தேவ் அவர் முன் கண்ணீர் விட்டார். 2004-இல் பி.பி.சி.க்காக முதலமைச்சர் ஜெயலலிதாவிடம் தேர்தல் தோல்வி, சோதிட நம்பிக்கை என்று விடாமல் கேட்டார். இந்தப் பேட்டி தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, வணக்கம் வைத்து முடித்தார் அம்மையார். ஆனாலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தாரே, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2007-இல் குஜராத் முதலமைச்சர் நரேந்திர மோடியோ, 2002 கலவரம் பற்றிய கேள்விகளில் சுமார் மூன்றே நிமிடத்தில் மைக்கைக் கழற்றிவிட்டார்.

“இப்படியா பெரியவங்களைக் கேட்கிறது?” என்பார் சிலர். இடைமறித்துப் பேசவே விடமாட்டார் என்ற குறையும் அவர்மேல் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விலையும் கொடுத்தார். ஆளுங்கட்சியினர் தம் நிகழ்ச்சிகளுக்கு வருவதை நிறுத்திவிட்டதாக 2018-இல் வந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். பிறகு பெரிய சேனலை விட்டு ‘தி வயர்’ இணையதளத்தில் பேட்டியைத் தொடர்ந்தார். அதற்கு வேண்டியது இரண்டு நாற்காலியும் ஒரு கேமராவும்தானே!

பதில் வராவிட்டால் கேள்வி தோற்றதாகுமா? ஆகாது. அந்த மூன்று நிமிடப் பதிவை இன்றும் ஜனங்கள் பார்க்கிறார்கள். சொல்லாத பதிலும் சரித்திரத்தில் ஏறிவிடுகிறது.

வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி கேட்டுத் திட்டு வாங்கிய நண்பர்கள் நம்மில் உண்டு. தம்பி தங்கைகளே, நீங்களும் கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், ஆனால் துண்டை விலக்கிக் கேளுங்கள்!