பணிக்கரும் யானையும்

ஜாக் லண்டன் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வைற் ஃபாங்' என்னும் நாவல், கனடாவின் வடகோடியிலே பிறந்த ஓர் ஓநாய்நாயின் வாழ்க்கையைக் கூறுவது. காட்டிற் பிறந்த அவ்விலங்கு மனிதரிடம் அகப்பட்டுக் கைமாறுகின்றது. பனிவண்டி இழுப்பித்தவனிடத்தில் அஃது உழைப்பாளி. பந்தயம் கட்டியவனிடத்தில் கொலைகாரன். அன்பு காட்டியவனிடத்தில் தோழன். உடைமையாளனின் தேவையை அறியாமல் விலங்கின் கதையை விளங்கிக்கொள்ள இயலாது. இந்நோக்கிலேயே நமது மட்டக்களப்பு நாட்டு யானையின் வரலாற்றையும் காணுதல் வேண்டும்.

கிரானுக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள ஏறாவூர், யானை பிடிக்கும் பணிக்கர்களாற் பெயர்பெற்ற முஸ்லிம் ஊராகும். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலில், வடக்கிலும் வடகிழக்கிலும் வாழ்ந்த பணிக்கர்களை வியந்து எழுதினார். இவர்கள் துவக்கையோ பெருங்கூட்டத்தையோ நம்பியவரல்லர். இரண்டொருவர் சுவடு பற்றிக் கால்நடையாகச் சென்று, மான்தோலாலோ எருமைத்தோலாலோ முறுக்கிய கயிற்றின் சுருக்கை யானையின் பின்காலில் மாட்டி, மறுநுனியை மரத்திற் பிணைப்பர். கணம் தவறினால் உயிர் போகும்.

இத்துணைத் திறமையின் பயன் யாரைச் சேர்ந்தது? தென்னிந்திய அரசர்களின் முகவர்கள் இங்கு வந்து யானைகளை வாங்கிச் சென்றனர். அதற்கு முன்னர் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் யானைகளை விற்றுப் பெரும்பொருள் ஈட்டினர். வன்னியிலிருந்து குடாநாட்டுக்கு யானைகள் கடத்தப்பட்ட வழியை ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது. கயிறெறிந்தவன் உயிரைப் பணயம் வைத்தான்; செல்வமோ அரசரையும் வணிகரையும் அடைந்தது.

யானைக்கு நேர்ந்தது யாது? 1831 முதல் 1856 வரை இலங்கை அரசுக்குச் சொந்தமான 240 யானைகள் இறந்தன. அவற்றுள் 138 யானைகளுக்கே சிறைப்பட்டிருந்த காலம் பதிவாகியுள்ளது. அந்த 138இல் 72 யானைகள் முதலாண்டிலேயே மாண்டன. 'பழக்குதல்' என்னும் மென்சொல் மறைக்கும் கொடுமைக்கு இக்கணக்கே சான்று.

அகப்படாத யானைக்கோ வேறு விதி. காட்டு யானையைக் கொல்வோருக்கு அரசே வெகுமதி வழங்கியது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் 3,500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டது. தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை அத்தொகை 2,000. மலைநாட்டுக் காடுகளைக் கோப்பித் தோட்டங்கள் விழுங்கிய காலமும் இதுவே. ஒரே விலங்கு சந்தையில் விலைப்பொருளாகவும், வீதி வேலையில் ஏவலாளாகவும், காட்டில் அழிக்கத்தக்க பீடையாகவும் ஆக்கப்பட்டது. மாறியது யானையின் இயல்பன்று, ஆண்டவர்களின் தேவையே.

இன்று கிரானுக்கு மேற்கே, குடும்பிமலைப் பக்கத்து வயல்களில், கதிர் முற்றும் காலத்திலே விவசாயி யானைவெடியுடன் பரணில் விழித்திருக்கின்றான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2022இல் மட்டும் நாடெங்கும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மக்களும் இம்மோதலில் மடிந்தனர். ஓரிரவில் வருடத்துச் சோற்றை இழக்கும் ஏழையை நோக்கி ஜீவகாருண்யம் போதிப்பது எளிது; அப்போதனையால் அவனது நெல் மீளாது.

காட்டெல்லையிலன்றி, ஊரையும் வயலையும் சுற்றியே மின்வேலி அமைத்தல் வேண்டுமென 2020இல் வகுக்கப்பட்ட தேசிய செயற்றிட்டம் கூறிற்று. அதனை நிறைவேற்றுவதும், அழிந்த பயிருக்குக் காலந்தாழ்த்தாது இழப்பீடு வழங்குவதும் அரசின் கடமைகளாம். காட்டையும் யானையையும் விற்றுச் செல்வம் சேர்த்தவர்கள் போய்விட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற கடனை யானையும் உழவனும் உயிர்கொடுத்துத் தீர்ப்பது எவ்வகை நீதி?