வேட்கையும் பற்றும்

சிலாபம் என்னும் ஊர்ப்பெயர், முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பர். மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவன் ஒருவன். முத்தைக் குவித்தவன் வேறொருவன். இருவரையும் உந்தியது வேட்கையே எனலாமா? அச்சொல்லின் வரலாற்றையே வினவுவோம்.

‘வேள்’ என்னும் அடிக்கு விரும்புதல் என்பது பொருள். வேட்டல், வேள்வி, வேட்கை யாவும் அதன் கிளைகளே. வேட்கை காதலைக் குறித்தது. ‘நீர்வேட்கை’ என்னும் வழக்கில் தாகத்தையும் குறித்தது. இக்கரையில் வழங்கும் மற்றொரு மொழியாகிய சிங்களத்தில் பேராசையைத் ‘தண்ஹாவ’ என்பர். பாலி மொழியின் ‘தண்ஹா’ அது. அதன் முதற்பொருள் தாகம். தமிழ்ச்சொல் விருப்பத்திலிருந்து தாகத்திற்குச் சென்றது. பாலிச்சொல் தாகத்திலிருந்து விருப்பத்திற்கு வந்தது. இவ்விரண்டும் மணிமேகலையில் ஒன்றுகூடின. பௌத்தரின் பன்னிரு சார்புகளைக் கூறுமிடத்தில், தண்ஹாவை வேட்கை என்றே அக்காப்பியம் பெயரிட்டது. வேட்கையை அடுத்துப் பற்றினை வைத்தது.

துறவியர் இரண்டையும் களையச் சொன்னார்கள். நாமோ இரண்டையும் வேறுபடுத்திக் காண்போம். தாகம் உடலின் தேவை. நீர் கிடைத்தால் தணியும். பற்றோ, கைக்கொண்டதை விடாது. பிறர் பங்கையும் நாடும். மூழ்கியவனைச் செலுத்தியது முன்னது. குவித்தவனைச் செலுத்தியது பின்னது. கூலி உயர்வு கேட்பவனைப் பேராசைக்காரன் என்று பழிப்போர் இன்றும் உளர். தாகத்திற்குப் பற்றின் பெயரைச் சூட்டும் சூழ்ச்சியே அது. சொற்பொருள் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டையும் மாணவர்க்கு உணர்த்த வேண்டும். தமிழ் பேசும் உழைப்பாளிக்கும் சிங்களம் பேசும் உழைப்பாளிக்கும் தாகம் ஒன்றே அன்றோ!