உரைத்தும், உரைத்தாம்: நீண்ட கோப்புக்குள் முன்னும் பின்னும் செல்வதன் வரலாறு

என் ஆய்வேட்டுக் கோப்பு இப்போது 312 பக்கங்களை எட்டியிருக்கிறது. சென்ற மாதம் அதன் ஐந்தாம் இயலில் ஒரு பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது, ‘ஒட்டு’ என்னும் கலைச்சொல்லை இரண்டாம் இயலில் எவ்வாறு வரையறுத்தேன் என்று பார்க்க வேண்டியிருந்தது. கோப்பை மேலே நகர்த்தினேன், தேடினேன், கண்டேன். திரும்பி வந்தபோது எழுதிக்கொண்டிருந்த இடம் அகப்படவில்லை. அகப்பட்டபோது எழுத நினைத்த தொடர் மனத்தில் இல்லை. அதன்பின் அவ்வாறு போய்ப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன். நினைவை நம்பி எழுதினேன். விளைவு இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. அச்செடுத்த படியைப் படித்த நெறியாளர், உம், ஏ, ஓ முதலிய இடைச்சொற்களை இரண்டாம் இயலில் ஒட்டுக்குள் அடக்கிய நான், ஐந்தாம் இயலின் எண்ணிக்கையில் அவற்றை வெளியே நிறுத்தியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஓர் அட்டவணை முழுவதும் பிழை.

இது என் கவனக்குறைவுதான், மறுக்கவில்லை. ஆயினும் தன் நூலுக்குள்ளேயே முன்னும் பின்னும் சென்று சரிபார்ப்பதற்கு எழுதுவோர் எக்காலத்தும் என்ன வழி வைத்திருந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் ஒன்று புலப்பட்டது. ஓரிடத்துக்குச் ‘செல்ல’ உதவும் வழிகளைக் கணினிகள் தாராளமாகத் தந்திருக்கின்றன. இருந்த இடத்துக்கு ‘மீள’ உதவும் வழியோ, கண்டுபிடிக்கப்பட்டும் பெரும்பாலும் ஒளிந்தே கிடக்கிறது.

நான் ஆய்வு செய்யும் மைசூருவிலிருந்தே தொடங்கலாம். 1905இல் இங்குள்ள கீழ்த்திசை நூலகத்தில் இரா. சாமசாஸ்திரி அடையாளம் கண்டு 1909இல் பதிப்பித்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், தன் இறுதி அதிகரணத்தில் முப்பத்திரண்டு தந்திரயுக்திகளைத் தொகுத்துத் தருகிறது. ஒரு நூல் எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கூறும் உத்திகள் அவை. அவற்றுள் இரண்டு: அனாகதாவேக்ஷணம், அதிக்ராந்தாவேக்ஷணம். இனி வரப்போவதை நோக்குதல், கடந்து வந்ததை நோக்குதல் என்று பொருள் கொள்ளலாம். தமிழிலும் இம்மரபு உண்டு. பவணந்தியார் நன்னூலில் எண்ணும் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ என்பன அடுத்தடுத்து நிற்கின்றன. ‘பின்னர்க் கூறுவோம்’ என்பது ஒன்று. ‘முன்னரே கூறினோம்’ என்பது மற்றொன்று.

இவை வெறும் நடையழகுக்கு வைத்தவை என்று நான் கருதவில்லை. ஓலைச்சுவடியில் ஏட்டுக்கு எண் உண்டு. ஆனால் ஒருவர் படியெடுத்த சுவடியின் ஏட்டெண் மற்றொருவர் படிக்குப் பொருந்தாது. ஓலையின் நீளமும் எழுத்தின் அளவும் மாறினால் எல்லாம் மாறிவிடும். ஆகவே ‘இத்தனையாம் ஏட்டில் காண்க’ என்று ஆசிரியர் எழுத இயலாது. குறிப்பு இடத்தைச் சுட்டாமல் பொருளைச் சுட்டியாக வேண்டும். நூல் முழுவதையும் மனனம் செய்த மாணவனுக்கு அதுவே போதுமானதாகவும் இருந்தது.

மொழியியல் படித்தவருக்கு இங்கே ஓர் இடறலும் உண்டு. தமிழில் ‘முன்’ என்பது காலத்தில் கழிந்ததையும் இடத்தில் எதிரே உள்ளதையும் குறிக்கும். முன்னோர் கழிந்தவர், முன்னேறுதலோ எதிரே செல்லுதல். ‘மேல்’ என்பதும் அப்படியே. மேற்சொன்னது கடந்தது, இனிமேல் வருவது வரப்போவது. கணினித் திரையில் இடம்நோக்கிய அம்புக்குறிக்கு ‘முன்’ என்று பெயரிடுவதா ‘பின்’ என்று பெயரிடுவதா என்று மொழிபெயர்ப்பாளர் தடுமாறுவது, இரண்டிற்கும் மொழியிலேயே நியாயம் இருப்பதால்தான். ‘முந்தைய’, ‘அடுத்த’ என்ற இணை அந்தத் தடுமாற்றத்தை ஓரளவு தவிர்க்கிறது.

ஐரோப்பாவில் இதே சிக்கலை 13ஆம் நூற்றாண்டில் பாரிஸின் டொமினிக்கன் துறவியர் எதிர்கொண்டனர். செயின்ட் ஷேரின் ஹ்யூ தலைமையில் அவர்கள் தொகுத்த விவிலியச் சொல்லடைவு, பக்க எண்ணை நம்பாமல், ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறுகளாக மனத்தளவில் பிரித்து எழுத்துகளால் சுட்டியது. எந்தப் படியிலும் செல்லுபடியாகும் முகவரி அது. அச்சு வந்து ஒரே பதிப்பின் எல்லாப் படிகளும் ஒத்த பக்கங்களைக் கொண்ட பிறகுதான் பக்க எண் நம்பத்தக்க முகவரியாயிற்று. சொற்செயலி வந்ததும் பக்கம் மீண்டும் நிலையற்றதாயிற்று. ஒரு பத்தியைச் சேர்த்தால் அதன் கீழுள்ள அத்தனை பக்கங்களும் நகர்கின்றன. அவ்வகையில் நாம் ஏடெழுதிய புலவரின் நிலைக்குத் திரும்பியிருக்கிறோம், அவருடைய நினைவாற்றல் மட்டும் இல்லாமல்.

கணினியில் இதைத் தொடக்கத்திலேயே ஆழ்ந்து எண்ணியவர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் நிகழ்த்திய செயல்விளக்கம் சுட்டெலிக்காக நினைவுகூரப்படுகிறது. அன்று அவர் காட்டியவற்றுள் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறு: கடைக்குப் போய் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை எடுத்து, அதை வகைகளாக அடுக்கி, மேல்நிலைத் தலைப்புகளை மட்டும் காட்டியும் உள்ளே விரித்தும் அதனுள் உலவினார். அவர் குழு உருவாக்கிய அமைப்பில் ஒவ்வொரு கூற்றுக்கும் படிநிலை எண் உண்டு. ஓரிடத்துக்குத் தாவ ஒரு கட்டளையும், தாவிய இடத்திலிருந்து மீள ஒரு கட்டளையும் இருந்தன. செல்வதும் மீள்வதும் அங்கே இணையாக வைத்து எண்ணப்பட்டன.

அவ்விணை பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது 1978இல் வெளியான வேர்டுஸ்டார் வழியாக என்று கூறலாம். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் நம் நாட்டின் நகரங்கள்தோறும் ‘வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ்’ என்று பலகை மாட்டிய கணினிப் பயிற்சி நிலையங்களை மூத்த பேராசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அச்செயலியில் சுட்டெலி தேவையில்லை. கன்ட்ரோல் விசையோடு இ, எக்ஸ், எஸ், டி ஆகிய நான்கு எழுத்துகள் மேல், கீழ், இடம், வலம். விசைப்பலகையில் அவை சாய்சதுரமாக அமைந்திருப்பதால் விரல் தானே கற்றுக்கொள்ளும். அதனுடன் க்யூ என்னும் எழுத்தை முன்னொட்டாகச் சேர்த்தால் அசைவு பெரிதாகும்: கன்ட்ரோல்-க்யூ-ஆர் கோப்பின் தலைக்கும், கன்ட்ரோல்-க்யூ-சி அதன் கடைக்கும் கொண்டுசெல்லும். (முன்னொட்டே இல்லாத மொழியைப் பேசும் எனக்கு இந்த இலக்கணம் வியப்பூட்டுகிறது.) கன்ட்ரோல்-கே-யுடன் 0 முதல் 9 வரை ஓர் எண்ணை அழுத்தினால் அவ்விடத்தில் ஓர் அடையாளம் விழும், கன்ட்ரோல்-க்யூ-வுடன் அதே எண்ணை அழுத்தினால் அங்கே திரும்பலாம். ஆகப் பத்து அடையாளங்கள். அனைத்துக்கும் மேலாகக் கன்ட்ரோல்-க்யூ-பி: சற்று முன் இருந்த இடத்துக்கே மீட்டுத் தரும்.

கனடிய அறிபுனை எழுத்தாளர் ராபர்ட் சாயர், வேர்டுஸ்டாரை விட்டு விலகாததற்குக் காரணம் கூறி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பிற செயலிகள் தட்டச்சுப்பொறியைப் பின்பற்றுகின்றன, வேர்டுஸ்டாரோ கையெழுத்துத் தாளைப் பின்பற்றுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். தாளில் எழுதுபவர் ஓரிடத்தில் குறியிட்டுவிட்டு வேறிடம் சென்று மீள்வார். தட்டச்சுப்பொறியில் அது இயலாது. பழமைப்பற்று என்று இதைத் தள்ளிவிடலாம். என் ஐந்தாம் இயலுக்குப் பிறகு நான் தள்ளுவதாக இல்லை.

1987இல் கேனன் நிறுவனம் வெளியிட்ட ‘கேட்’ என்னும் கருவி வேறொரு பாதையை எடுத்தது. மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஜெஃப் ரஸ்கின் வடிவமைத்தது அது. இடைவெளிப் பட்டைக்குக் கீழே ‘லீப்’ என்னும் இரண்டு விசைகள். ஒன்றை அழுத்திப் பிடித்தபடி சில எழுத்துகளைத் தட்டினால் சுட்டி முன்னோக்கித் தாவி அச்சொல்லில் நிற்கும். மற்றது பின்னோக்கித் தாவும். உலவுதல் முழுவதும் தேடுதலாயிற்று. சில மாதங்களிலேயே கேனன் அதைக் கைவிட்டுவிட்டாலும், இன்று நம்மில் பெரும்பாலோர் கோப்புக்குள் நகரும் முறை அதுவே: கன்ட்ரோல்-எஃப் அழுத்தி ஒரு சொல்லைத் தேடுகிறோம்.

ஆனால் அச்சொல் தமிழ்ச் சொல்லாக இருந்தால்? இங்கேதான் வரலாறு நம்மை ஓரமாக நிறுத்திவிடுகிறது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’ கிடைக்காது. ‘வா’ என்று தேடினால் ‘வந்தான்’ கிடைக்காது, ‘வானம்’ கிடைக்கும். வேற்றுமை ஏற்கும்போது அடியே திரியும் மொழியில், சொல்லின் தொடக்க எழுத்துகளே அதன் முகவரி என்னும் கொள்கை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. இந்திய எழுத்துகளைக் கணினிக்குள் கொண்டுவந்த முயற்சிகள், ஐஐடி கான்பூரில் வேர்கொண்டு புனேயின் சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் உட்பட, காட்டுவதையும் தட்டுவதையுமே முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. பிறகு எழுத்துருவுக்கொரு குறியாக்கம் இருந்த ஆண்டுகளில், ஒரு கோப்பிலேயே இரண்டு எழுத்துருக்கள் கலந்திருந்தால் தேடல் பாதியைக் காணாது. ஒருங்குறி பெரும்பகுதியைச் சரிசெய்தது. ஆயினும் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், இரண்டு துண்டுகளாகவும் உள்ளிடலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி வகுத்திருந்தும், அவ்விதியைப் பின்பற்றாத செயலிக்கு அவை வெவ்வேறு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல்லைத் தேடல் ‘இல்லை’ என்று சொன்னால், ஆய்வாளர் அதை நம்பிவிடுவார் என்பதே ஆபத்து.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் இன்று தலைப்புகளின் வழியே உலவ 2010 பதிப்பில் வந்த வழிகாட்டுப் பலகம் இருக்கிறது. தலைப்புகளுக்கு முறையான பாணி கொடுத்திருந்தால் மட்டுமே அது பயன்படும். தடித்த எழுத்தில் தட்டியதையெல்லாம் தலைப்பு என்று அது ஏற்காது. மீள்வதற்கும் வழி உண்டு: ஷிஃப்ட்-எஃப்5, கடைசியாகத் திருத்திய மூன்று இடங்களுக்கு வரிசையாகத் திரும்பக் கொண்டுசெல்லும். என் சிக்கலுக்கு நேரான மருந்து. பன்னிரண்டு ஆண்டுகளாக வேர்டில் எழுதும் எனக்கு அது சென்ற மாதம்தான் தெரியவந்தது. என் துறையில் ஒன்பது பேரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எந்தப் பட்டையிலும் எனக்கு அதற்கொரு பொத்தான் தென்படவில்லை.

தாள் ஏன் இன்னும் வெல்கிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகள் விளக்கம் தருகின்றன. 1971இல் எர்ன்ஸ்ட் ராத்காஃப், படிப்பவர்கள் ஒரு செய்தி பக்கத்தில் எங்கே இருந்தது என்பதையும் முயலாமலேயே நினைவில் கொள்கிறார்கள் என்று காட்டினார். 1997இல் கென்டன் ஓ’ஹாராவும் அபிகெயில் செல்லனும் தாளிலும் திரையிலும் ஒரே பணியைச் செய்தவர்களை ஒப்பிட்டனர். தாளில் உலவுதல் படித்தலோடு ஒன்றாகவே நிகழ்ந்தது. ஒரு கை பக்கத்தைப் புரட்டும்போதே கண் படித்துக்கொண்டிருந்தது. திரையில் உலவுதல் தனி வேலையாகி, படித்தலை இடைமறித்தது. என் நெறியாளர் என் பிழையைக் கண்ட விதமும் இதுவே. ஐந்தாம் இயலை அவர் படித்துக்கொண்டிருந்தபோது இடக்கையின் ஆள்காட்டி விரல் இரண்டாம் இயலுக்குள் இருந்தது.

அட்டவணையைத் திருத்திவிட்டேன். இப்போது கோப்பில் ‘மேலே கண்டவாறு’ என்று எழுதிய இடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன், 41 வந்தன. ஒவ்வொன்றிலும் மேலே உண்மையில் என்ன கண்டேன் என்று போய்ப் பார்த்து, ‘மேலே’ என்பதை நீக்கி, இயல் எண் தானே மாறும் குறுக்குக் குறிப்பை இட்டு, ஷிஃப்ட்-எஃப்5 அழுத்தித் திரும்பி வருகிறேன். ஆறு இடங்களில் மேலே எதுவும் இல்லை. உரைத்தாம் என்று எழுதியிருக்கிறேன், உரைக்கவில்லை. இன்னும் 23 மீதமிருக்கின்றன.