புயலுக்கும் புத்தகத்துக்கும் நடுவே நாற்பது வருஷம்

'அமேசிங் கிரேஸ்' பாட்டு தெரியாதவங்க கம்மி. அதை எழுதின ஜான் நியூட்டன் கதையும் பிரசங்கங்கள்ல அடிக்கடி வரும். அடிமை வியாபாரி, நடுக்கடலில் புயல், கண்ணீரோட ஜெபம், அன்னிக்கே தொழிலுக்குத் தலைமுழுகிட்டுப் பாட்டு எழுதிட்டார். சுபம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வருஷங்களை வரிசையா அடுக்கினா கதை வேற மாதிரி வருதுங்க.

புயல் அடிச்சது 1748 மார்ச்சில், 'கிரேஹவுண்ட்' என்ற கப்பலில். நியூட்டனுக்கு அப்போ 22 வயசு. உடைஞ்ச கப்பலில் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு அயர்லாந்து கரை சேர்ந்தார். அந்த நாளை சாகும்வரை மறக்கவில்லை. அதெல்லாம் உண்மை.

அடுத்து நடந்ததைத்தான் யாரும் சொல்றதில்லை. 1750-லிருந்து 1754 வரைக்கும் அவர் அடிமைக் கப்பலுக்கே கேப்டன்! மொத்தம் மூணு பயணம். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளுக்கு மேல்தளத்தில் ஆராதனை நடத்துவார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனுஷங்க சங்கிலியில் கிடப்பாங்க. கலகம் செய்யத் திட்டம்னு சந்தேகம் வந்தபோது, சிறுவர்களுக்குக் கட்டைவிரல் நசுக்கும் கருவியை மாட்டி விசாரித்ததை அவரே தன் கப்பல் நாட்குறிப்பில் எழுதி வச்சிருக்கார்.

1754-ல் கடல் தொழிலை விட்டதுக்குக் காரணமும் மனசாட்சி இல்லை. திடீர்னு வந்த வலிப்பு. டாக்டர்கள் கடலுக்குப் போகாதேன்னுட்டாங்க. 1764-ல் ஓல்னி ஊரில் குருவானார். பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது. அடிமை வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதினது 1788-ல்தான். புயலுக்கும் அந்தச் சிறு புத்தகத்துக்கும் நடுவே முழுசா நாற்பது வருஷம்.

அப்போ அவர் பக்தி வேஷமா? எனக்கு அப்படித் தோணலை. சோதனைன்னா நாம உடனே குடி, சூது, பெண் சபலம்னு நினைச்சுக்கறோம். நியூட்டன் கெட்ட வார்த்தை பேசுறதை விட்டார், ஜெபம் செய்தார், மனைவிக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார். அவரைப் பிடிச்சிருந்த சோதனை கண்ணுக்கே தெரியாத ரகம். ஊரே மதிக்கிற தொழில், சட்டம் அனுமதிச்ச வருமானம். தப்புன்னு சொல்ல பக்கத்தில் ஆளே இல்லாத பாவம்தான் இருக்கிறதிலேயே ஆபத்தான பாவம்னு படுது. அந்த நாட்களில் இந்தத் தொழில் தனக்குத் தப்பாகவே படவில்லை, கடவுள் காட்டிய பிழைப்புன்னுதான் எண்ணினேன்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார்.

சரி, விளைவு? இங்கதான் எனக்கு நெருடல். விதைச்சவர் நியூட்டன், அறுத்தவங்க வேற யாரோ. சகேயு தான் ஏமாத்தினவங்களுக்கு நாலு மடங்கு திருப்பித் தர்றேன்னு சொன்னார். நியூட்டன் யாரைத் தேடிப் போய் எதைத் திருப்பித் தர முடியும்? கிருபை அவரை மன்னிச்சிருக்கலாம். ஆனா விற்கப்பட்ட ஒருத்தரைக்கூட அது வீட்டுக்குக் கூட்டிட்டு வரலை. 1788 புத்தகத்தில் இதை அவர் மழுப்பவில்லை. செய்த கேட்டைச் சரிசெய்ய இந்த ஒப்புதல் உதவாத அளவுக்குத் தாமதமாக வருதுன்னு ஒத்துக்கிட்டார்.

தாமதம்தான், ஆனா வீண் இல்லை. 1785-ல் இளம் எம்.பி. வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் ஆலோசனை கேட்டு வந்தபோது, அரசியலை விட்டு ஓடாதேன்னு அனுப்பி வச்சவர் நியூட்டன்தான். 1790-ல் நாடாளுமன்றக் குழு முன்னாடி தான் கண்ட கொடுமைகளை, தனக்கு அவமானம்னு தெரிஞ்சும், சாட்சியாகச் சொன்னார். 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத் தடைச் சட்டம் நிறைவேறியது. அதே வருஷம் டிசம்பரில், 82 வயசில் கண் மூடினார்.

கிருபைன்னா பழைய கணக்கை ஒரே ராத்திரியில் அழிச்சுக் கொடுக்கிறதுன்னுதான் நாம பாடிட்டுப் போறோம். நியூட்டன் வாழ்க்கையைப் பார்த்தா, அழிக்க முடியாத அந்தக் கணக்கைக் கண்ணைத் திறந்து படிக்க வைக்கிறதும் கிருபைதான்னு தோணுது. அதுக்கு அவருக்கு நாற்பது வருஷம் ஆச்சு. ஊரே சரின்னு சொல்ற நம்ம பிழைப்பில் நமக்குத் தெரியாமல் இருக்கிறது எது? யோசிச்சுப் பாருங்க மக்களே.