சைக்கிளைப் பிடித்துக்கொண்டவர்கள்

சென்ற தை மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு விநோதமான வஸ்து வந்து இறங்கிற்று. நாலரை அடி உயரமுள்ள ஓர் இரும்புக் குழாய். கீழே அகல விரிந்த கால்கள். மேலே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை. அந்தக் கையின் நுனியில் ரப்பர் ஒட்டிய இரண்டு தாடைகள். எதிர் வீட்டு நண்பர் பேப்பரை மடித்துக்கொண்டே வந்து பார்த்தார்.

"என்ன ஸார், மைக் ஸ்டாண்டா? வீட்டில் கச்சேரி ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை; சைக்கிளை மாட்டிவைத்து ரிப்பேர் செய்கிற ஸ்டாண்டு" என்றேன்.

"சைக்கிளுக்குத்தான் கூடவே ஒரு ஸ்டாண்டு இருக்கிறதே! அதற்கு இன்னொன்று எதற்கு?"

நண்பர் கேட்டது வேடிக்கைக்காகத்தான். ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமானால் இருநூறு வருஷத்துச் சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்.

1817-ஆம் வருஷம் ஜூன் மாதம் 12-ஆம் தேதி, ஜெர்மனியில் மான்ஹைம் நகரத்திலிருந்து கார்ல் டிரைஸ் என்ற பிரபு ஒரு மர வண்டியில் ஏறிப் புறப்பட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள், நடுவில் ஓர் ஆசனம், முன்னால் திருப்புவதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான். பெடல் கிடையாது, செயின் கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி ஓட்ட வேண்டும். இதுதான் இன்றைய சைக்கிளின் பாட்டனார். இந்தப் பாட்டனாருக்கு ரிப்பேர் என்று வந்தால் ஊர்த் தச்சரே போதும். வண்டியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு ஆணி அடிக்கலாம். தூக்கி நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு பெடல் வந்தது. அதை முன் சக்கரத்திலேயே பொருத்தினார்கள். வேகம் வேண்டும் என்பதற்காக முன் சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஆள் உயரச் சக்கரமும், அதன் பின்னால் யானைக்கு வால் மாதிரி ஒரு குட்டிச் சக்கரமுமாக வண்டி நின்றது. அதிலிருந்து விழுந்தால் தலை முதலில் தரையைத் தொடும். 1885-ல் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற வண்டியைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய சமமான இரண்டு சக்கரங்கள், பெடல் நடுவில், அதிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு செயின். இன்று நாம் ஓட்டும் சைக்கிள் அந்த ரோவரின் நேர் வாரிசு.

இங்கேதான் என் எதிர் வீட்டு நண்பருக்கான பதில் ஆரம்பமாகிறது. செயின் என்பது ஓடும்போதுதான் தன் குறையைக் காட்டும். எந்த இடத்தில் விறைப்பு, எந்தக் கண்ணியில் தேய்மானம், எங்கே எண்ணெய் போதவில்லை என்பதெல்லாம் பெடலைச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். பெடலைச் சுற்றினால் பின் சக்கரமும் சுற்றும். சக்கரம் தரையில் இருந்தால் வண்டி போய்விடும்! ஆகவே ரிப்பேர் செய்கிறவனுக்கு வண்டி ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். சைக்கிளோ தானாக நிற்கத் தெரியாத பிறவி. யாராவது அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். யார் பிடிப்பது?

இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு சரித்திரத்தைப் புரட்டினால், பல இடங்களில் பெயர் தெரியாத ஒரு பையன் நிற்பதைப் பார்க்கலாம்.

1913-ஆம் வருஷம் ஜூலை மாதம். பிரெஞ்சு தேசத்தைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயம் பிரனீஸ் மலையில் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல் உயரமுள்ள தூர்மாலே கணவாயைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார் யூஜீன் கிறிஸ்டோஃப். முதல் இடத்துக்கு வரக்கூடியவர் என்று எல்லோரும் எதிர்பார்த்த வீரர். இறக்கத்தில் அவருடைய வண்டியின் முன் போர்க் முறிந்துபோயிற்று. அந்நாள் விதி கடுமையானது: வண்டிக்கு என்ன நேர்ந்தாலும் பந்தயக்காரர் தாமே, பிறர் உதவியில்லாமல், சரிசெய்துகொள்ள வேண்டும். கிறிஸ்டோஃப் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் பல கிலோமீட்டர் நடந்தார். தாம் தாண்டி வந்தவர்களெல்லாம் தம்மைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அடிவாரத்தில் சென்-மரி-த-காம்பான் என்ற கிராமத்தில் ஒரு கொல்லுப் பட்டறை இருந்தது. கொல்லர் நெருப்பைக் காட்டலாம். கை வைக்கக் கூடாது. பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று கண் கொட்டாமல் கவனித்தார்கள். இளமையில் பூட்டு வேலை பழகியவராதலால் கிறிஸ்டோஃப் தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்து, போர்க்கை ஒட்டவைத்தார். மணிக்கணக்கில் ஆயிற்று. ஆனால் ஒரு கையால் இரும்பையும் மறு கையால் சுத்தியலையும் பிடித்திருப்பவன் துருத்தியை எப்படி ஊதுவான்? பட்டறையில் இருந்த ஒரு சிறு பையன் துருத்தி ஊதினான். அதற்காக அதிகாரிகள் கிறிஸ்டோஃபுக்கு அபராதமாகச் சில நிமிஷங்களைக் கூட்டிவிட்டார்கள்!

பந்தயம் போயிற்று, பெயர் நின்றது. இன்றைக்கும் அந்தக் கிராமத்தில் கிறிஸ்டோஃபின் ஞாபகச் சின்னம் இருக்கிறது. இந்தக் கதையைப் படிக்கிற எல்லோரும் அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டுவார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆயினும் என் கண் அந்தப் பையன் மேலேயே போகிறது. மூன்றாவது கை ஒன்று இல்லாமல் சைக்கிள் ரிப்பேர் நடக்காது என்பதற்கு அவன்தான் சாட்சி. அந்த மூன்றாவது கையாக நானும் இருந்திருக்கிறேன்.

என் தகப்பனார் ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியர். எட்டு மைல் தொலைவிலுள்ள பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு சாக்கை விரித்து, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். நம் நாட்டுச் சைக்கிளில்தான் பின் சக்கரத்தையே தரையிலிருந்து தூக்கிவிடுகிற இரட்டைக்கால் ஸ்டாண்டு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. உண்மையில் அது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஆரம்பித்து, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் தயாராகத் தொடங்கின காலத்திலிருந்து, நம்மவர்கள் செயினுக்கு எண்ணெய் போட்டதெல்லாம் அந்த ஸ்டாண்டின் புண்ணியத்தில்தான். ஆனால் பின் சக்கரத்தையே கழற்ற வேண்டுமென்றால் அந்த ஸ்டாண்டும் கூடவே கழன்று வந்துவிடும். அச்சில் அல்லவா மாட்டியிருக்கிறது! அப்பொழுது கவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கவிழ்த்த வண்டி ஹேண்டில்பாரிலும் சீட்டிலுமாகத் தத்தளித்து நிற்கும். மணியும் பிரேக் கம்பியும் தரையில் அழுந்தும். அதை ஆடாமல் பிடித்துக்கொள்வது என் உத்தியோகம்.

"ஆடாமே பிடிடா!" என்பார் அப்பா. வேறு ஒன்றும் சொல்லமாட்டார்.

எனக்கு அப்பொழுது பத்து வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சக்கரத்தை மறுபடி மாட்டிவிட்டு, அப்பா ஒரு கையால் பெடலைச் சுற்றி மறு கையால் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வானத்தில் இரண்டு காற்றாடிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று அறுந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன், கை தளர்ந்தது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பாவின் வலது ஆள்காட்டி விரல் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் போயிற்று.

அவர் என்னைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்தார். ஆனால் அந்த விரல் பிறகு நிமிரவேயில்லை. கரும்பலகையில் எழுதும்போது சாக்குக் கட்டியைக் கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் எழுதுவார். எழுத்து மட்டும் பழையபடி முத்து முத்தாகவே இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தக் காலத்தில் ஊரில் இருந்த வாடகைச் சைக்கிள் கடையில் உத்திரத்திலிருந்து இரண்டு கயிறு தொங்கும். ஒன்றில் சீட்டையும் மற்றொன்றில் ஹேண்டில்பாரையும் மாட்டி, வண்டியை அந்தரத்தில் ஊஞ்சலாட விட்டுவிடுவார் கடைக்காரர். அப்படியும் ஒரு பையன் பிடித்துக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயது அவனுக்கு. 'சைக்கிளைப் பிடிக்கிற வேலை' என்று ஒரு வேலை, அதற்கு ஒரு பையன் என்பதை நாங்கள் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

கருவி இல்லாத இடத்தில் மனிதன் கருவியாகிறான். இது ஒரு பக்கம். கருவி யார் கையில் இருக்கலாம் என்பது இன்னொரு பக்கம். 1896-ல் நியூயார்க்கில் மரியா வார்டு என்ற பெண்மணி, பெண்களுக்கான சைக்கிள் நூல் ஒன்றை வெளியிட்டார். ஓட்டக் கற்றுக்கொடுப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பெண்களும் கருவிகளும் என்று தனியாக ஓர் அத்தியாயமே எழுதினார். ஓட்டத் தெரிந்து ரிப்பேர் செய்யத் தெரியாவிட்டால், பாதி வழியில் வண்டி நின்றதும் சுதந்திரமும் நின்றுவிடும் அல்லவா? ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1990-களின் தொடக்கத்தில், நம் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். பஸ்ஸுக்காகவும், கொண்டுபோய் விடுகிற ஆண்பிள்ளைக்காகவும் காத்திருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள்.

சரி, ஸ்டாண்டுக்கு வருவோம். 1963-ல் அமெரிக்காவில் மின்னஸோடா மாகாணத்து ஸெயிண்ட் பால் நகரில் ஹோவர்டு ஹாக்கின்ஸ், ஆர்ட் எங்ஸ்ட்ராம் என்ற இரண்டு நண்பர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். நாள் முழுதும் குனிந்து குனிந்து வேலை செய்து முதுகு ஒடிந்தது. இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று, வண்டியை இடுப்புக்கு மேலே தூக்கிப் பிடிக்கிற ஒரு ஸ்டாண்டைத் தாங்களே செய்துகொண்டார்கள். அந்த ஒரு ஸ்டாண்டிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் சைக்கிள் கருவிகள் விற்கும் பார்க் டூல் கம்பெனி. முதுகுவலி எத்தனையோ பேருக்கு வருகிறது. சிலருக்குத்தான் அதிலிருந்து யோசனை வருகிறது!

எனக்கு இந்த ஸ்டாண்டு எதற்கு என்று கேட்டால், என் பேத்திக்காக. அவளுடைய கியர் சைக்கிளுக்கு இருப்பது ஒற்றைக் கால். அது வண்டியைச் சாய்த்து நிறுத்துமே தவிர, சக்கரத்தைத் தூக்காது. கியரைச் சரிபார்க்கவோ பெடல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் நான் நாலைந்து ஸ்டாண்டுகளை ஆட்டிப் பார்த்தேன். அந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன்; யாருக்காவது பிரயோஜனப்படலாம்.

முதலாவது, கால்களைப் பாருங்கள். வீட்டு முற்றம் கண்ணாடித் தரை அல்ல. மேடுபள்ளமான தரையில் மூன்று கால் ஆடாது. முக்காலியைப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு கால் ஸ்டாண்டு மடிக்கச் சுலபம்; ஆனால் வண்டியின் பாரம் அந்த இரண்டு கால்களின் விரிப்புக்குள் விழ வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாயும். இரண்டாவது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேளுங்கள். பழைய கறுப்புச் சைக்கிள் இருபது கிலோவுக்குக் குறையாது. பாட்டரி சைக்கிளானால் இன்னும் கனம். மூன்றாவது, தாடை. அது வண்டியின் பிரேமைக் கடிக்கக் கூடாது. இந்தக் காலத்துப் பிரேம்களின் குழாய் மெல்லியது, இறுக்கினால் நசுங்கிவிடும். சீட்டுக்குக் கீழே உள்ள தண்டைத்தான் பிடிக்க வேண்டும். தண்டு வெளியே போதிய நீளம் தெரியாவிட்டால், பழைய இடத்தில் நூலைச் சுற்றி அடையாளம் வைத்துவிட்டு, சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம். நாலாவது, உயரம். பெடல் அச்சு உங்கள் இடுப்புக்குச் சற்று மேலே வர வேண்டும். குனிய வேண்டியிருந்தால், அந்த ஸ்டாண்டு வாங்கியும் வாங்காததும் ஒன்றே. கடைசியாக, இறுகிப்போன பெடலை நெம்பிக் கழற்றுவதை மட்டும் ஸ்டாண்டில் வைத்துச் செய்யாதீர்கள். அதற்கு வண்டி தரையில் நிற்பதுதான் சரி.

வந்த மறுநாளே பேத்தி தன் சைக்கிளை மாட்டினாள். தாடையை இறுக்கினாள். பெடலைச் சுற்றினாள், செயின் சலசலவென்று ஓடிற்று. நான் பழக்கதோஷத்தால் எழுந்து போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க உட்காருங்க தாத்தா. அதுவே பிடிச்சுக்கும்" என்றாள்.

வாஸ்தவந்தான். ஸ்டாண்டு அசையவில்லை. இருந்தாலும் அவள் வேலையை முடித்து, விரல்களைத் துணியில் துடைத்துக்கொள்ளும் வரையில், நான் கையை எடுக்கவில்லை.