வெப்பமும் உயிரின் ஈரிழையும்

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைத் தொழிலாளரிடையே கொடியதொரு மூளைக்காய்ச்சல் தோன்றிற்று. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் அது கருதப்பட்டது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் புதிய கிருமியொன்றைப் பிரித்தெடுத்தார். அதுவே ‘நிப்பா’. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். கிருமியை இனங்காண்பதில் நேரும் தாமதம் எத்தகைய விலை கேட்கும் என்பதைப் பேராக் மாநிலம் அன்று கண்டது.

இன்று கிருமிகளை விரைந்து இனங்காண உதவும் முறைகளுள் தலையாயது பி.சி.ஆர். சோதனை. 1983இல் அமெரிக்கரான கேரி முல்லிஸ் கண்ட இம்முறை, ஓர் எளிய உண்மையின்மேல் நிற்கிறது. ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ் வெப்பத்தில் டி.என்.ஏ.யின் ஈரிழைகளும் பிரியும். வெப்பம் தணிந்தால் மீண்டும் இணையும். நிப்பா போன்ற ஆர்.என்.ஏ. கிருமியாயின், அதன் செய்தியை முதலில் டி.என்.ஏ.யாகப் படியெடுத்துக்கொள்வர்.

இவ்வறிவு ஒரே நாளில் விளைந்ததன்று. 1953இல் வாட்சனும் கிரிக்கும் ஈரிழைச் சுருளின் அமைப்பை விளக்கினர். அடினின்–தைமின் இணையை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும், குவானின்–சைட்டோசின் இணையை மூன்றும் தாங்குகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பின்னைய இணைகள் மிகுந்த இழை பிரிய உயர்ந்த வெப்பம் வேண்டும் என்பதை மார்மரும் டோட்டியும் 1962இல் சோதனைகளால் நிறுவினர்.

ஆயினும் இழை முழுவதும் ஒருங்கே பிரிவதில்லை. பிடிப்புக் குறைந்த இடங்களில் முதலில் சிறு குமிழிகள்போல் திறக்கிறது. 1966இல் போலண்டும் ஷெராகாவும் மூடிய பகுதி, திறந்த வளையம் என இழையைப் பகுத்துக் கணக்கிட்டனர். 1989இல் பெய்ரார்டும் பிஷப்பும் ஒவ்வோர் இணையின் அசைவையும் சமன்பாட்டில் அமைத்தனர். சபைகூடலில் இருவர் இருவராகக் கைகோத்து நிற்கும் மாணவர் வரிசையை எண்ணிப் பாருங்கள். ஓரிணை கைவிட்டுத் துள்ளினால் அண்டையிலுள்ள இணையும் தளரும். தளர்ச்சி அங்கிருந்தே பரவும்.

இஃது ஏட்டுக் கணக்கன்று. பி.சி.ஆர். சோதனைக்குரிய சிறு தொடக்க இழைகளை வகுப்போர், அண்டை இணைகளின் பிடிப்பைக் கொண்டே அவை பிரியும் வெப்பத்தைக் கணிக்கின்றனர். கணிப்புத் தவறினால் அவை வேற்றிடத்தில் ஒட்டக்கூடும். சோதனையின் முடிவும் பிழைபடும். இயற்பியலும் கணிதமும் நோயாளியின் கட்டிலருகே வந்து நின்ற வரலாறு இது. மருத்துவராக விழையும் நம் மாணவர் கணக்கையும் விரும்பிக் கற்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?