வில்லங்கத்தில் தெரியாத வில்லங்கம்
1986இல் மனை வாங்கி வீடு கட்ட இறங்கினேன். 1977இல் தொடங்கிய ஹெச்டிஎஃப்சியின் பெயரை அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்தோம். ஆனாலும் வட்டி குறைவு என்பதால் மத்திய அரசு ஊழியனான நான் ஆபீஸ் கடனுக்கே மனுப் போட்டேன். அதற்கு வீட்டைக் குடியரசுத் தலைவர் பெயருக்கு அடமானம் எழுதித்தர வேண்டும். (என் மனைவிக்கு அதில் ஏகப் பெருமை!)

சென்னைக்கு வெளியே ஒரு மனை படிந்து வந்தது. விற்பவர் 13 வருட வில்லங்கச் சான்று காட்டினார். படு சுத்தம். தன் வக்கீலே எல்லாம் பார்த்துக்கொள்வார், ஃபீஸ் மிச்சம் என்றார். எனக்கும் சபலம்தான். மாமனார் விடவில்லை.

“நமக்குன்னு தனி வக்கீல் வேணும், மாப்பிள்ளை.”

அவர் அழைத்துவந்த பெரியவர் கேட்டது ஒன்றுதான்: “மூலப்பத்திரம் அசல் எங்கே?”

ஜெராக்ஸ்தான் இருந்தது.

வியாபாரிகள் அவசரத்துக்குப் பணம் புரட்டுவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் செய்த ஏற்பாடு இது. 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டப்படி சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் அசல் பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும். அப்போது எழுதிப் பதிய வேண்டியிருக்கவில்லை. பதியாதது வில்லங்கச் சான்றில் எப்படி வரும்?

விசாரித்ததில், அசல் ஒரு வங்கியில் இருந்தது. மனையை விட்டுவிட்டேன். அட்வான்ஸ் 5,000 ரூபாய் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. பெரியவர் வாங்கிய ஃபீஸ் 250.